குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லாத சிங்கப்பூரை மக்கள்நல அரசு என்று சொல்லலாமா?

ஐரோப்பியப் பொருளில் சொல்ல முடியாது. அங்கே வரிப் பணத்தில் நடப்பதில் பெரும்பகுதி இங்கே நம் சம்பளத்திலிருந்தே நடக்கிறது. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதிக்கு 55 வயது வரை ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு செலுத்துகிறார்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன், மருத்துவம், ஓய்வுக்காலம் எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும். சம்பளம் குறைந்தால் சேமநிதியும் குறையும், சிக்கல் அங்கேதான்.

உலகமயம் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்கியது. முதலீட்டை ஈர்க்க நிறுவன வருமான வரி 17 விழுக்காட்டில் நிற்கிறது; இறந்தவர் சொத்து மீதான வரி 2008இல் போயேவிட்டது. குறைந்த சம்பளக்காரரும் கட்டும் பொருள் சேவை வரியோ 1994இல் 3 விழுக்காடாக வந்து 2024இல் 9 ஆனது. (வசதி குறைந்தோருக்கு வவுச்சர் எனும் பற்றுச்சீட்டு தருகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

2007 முதல், குறைந்த சம்பள ஊழியருக்கு அரசு கூடுதலாகத் தரும் வேலைநலன் துணை வருமானம் வந்தது. பிறகு துப்புரவு, பாதுகாவல் துறைகளில், சம்பளத்துக்குக் கீழ்வரம்பு வைத்துப் படிப்படியாக உயரும் சம்பள முறை. என்னைக் கேட்டால், பெயர் மாற்றி வந்த குறைந்தபட்ச ஊதியம்தான் இது, துறைவாரியாக. 2025இல் வேலை இழந்தோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை தரும் திட்டமும் தொடங்கியது.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை பார்க்கும் ஊர்த் தம்பிக்கோ இவற்றில் எதுவும் கிடையாது. வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர் சேமநிதிக்கு வெளியே. அவருக்காக முதலாளி மாதந்தோறும் கட்டும் தீர்வை அரசுக்குப் போகிறது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு, மருத்துவக் காப்பீடு இரண்டும் உண்டு. முதுமைக்கென்று எதுவும் சேர்வதில்லை.