மாமியாரின் மிதி மெஷினா, புது எலக்ட்ரிக் மெஷினா?

தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படும் திண்டுக்கல் வாசகி ஒருவரின் கேள்வி இது. வீட்டில் மாமியார் தைத்த கறுப்பு மிதி மெஷின் இருக்கிறது, பத்து வருடமாக யாரும் தொடவில்லை. கடையில் 21 டிசைன் போடும் சின்ன எலக்ட்ரிக் மெஷினைக் காட்டுகிறார்கள். 12 ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். எதில் ஆரம்பிக்கலாம்? எடுத்தவுடன் பிளவுஸ் தைக்க முடியுமா?

பழைய மெஷினிலேயே ஆரம்பியுங்கள். பணம் அப்படியே இருக்கட்டும். பை, தலையணை உறை, உள்பாவாடை, பிளவுஸ் என்று வீட்டில் எதைத் தைத்தாலும் பெரும்பகுதி நேர்தையல்தான். அதைக் கறுப்பு மெஷின் அவ்வளவு அழுத்தமாகப் போடும். அதோடு, அது உங்கள் காலின் வேகத்துக்குத்தான் ஓடும். எலக்ட்ரிக்கில் பெடலைக் கொஞ்சம் கூட அழுத்திவிட்டால் துணி கையை விட்டு ஓடும், புதிதாகப் பழகுகிறவர்கள் பயந்துபோவது அங்கேதான்.

பத்து வருடம் சும்மா நின்ற மெஷினில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மெஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்து, அடியில் பாபின் (அடி நூல் சுற்றிய சின்ன உருளை) உட்காரும் ஷட்டிலைச் சுற்றியுள்ள பஞ்சையும் தூசியையும் பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய் விடும் துளைகளிலும் உரசும் இடங்களிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்து இதைச் செய்ய வேண்டாம். பிசின் இளகியதும் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது மறுபடியும் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். பெல்ட் தொளதொளவென்று இருந்தால் கொஞ்சம் வெட்டி மாட்டலாம், வெடித்திருந்தால் புதிது போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சக்கரம் சுற்ற மறுத்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், பலவந்தமாகத் திருப்ப வேண்டாம்.

அப்புறம் கால் பழக்கம். மேல் சக்கரம் எப்போதும் உங்களைப் பார்த்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், அறும். சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றும். அந்த நிலையில் ஓரிரு நாள் வெறுமனே மிதித்துப் பழகுங்கள். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் இழுத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் திரும்பாது. கால் பழகியதும் திருகை இறுக்கி, நூல் கோர்க்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். தாள் ஊசியை மழுக்கிவிடும், அதனால் பழைய ஊசியே போதும். துணிக்குப் போகும்போது புது ஊசி போடுங்கள்: சாதாரண காட்டனுக்கு 14ஆம் நம்பர், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் மனம் விட்டுப்போவது இதில்தான். துணியின் அடிப்பக்கம் நூல் கூடுகட்டினால் எல்லாரும் பாபினைக் குடைவார்கள். தப்பு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக இறங்கியிருக்காது, மேலே பிடிப்பு இல்லாததால் அடியில் தேங்குகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஊசியிலும் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூலை நுழைக்க வேண்டும்.

சரி, எலக்ட்ரிக் எப்போது வாங்கலாம்? பிள்ளைகளுக்குப் பனியன் துணியில் தைக்க நினைக்கும்போது. நேர்தையல் அந்தத் துணியோடு சேர்ந்து நீளாது, இழுத்தால் பட்டென்று அறும். எலக்ட்ரிக் போடும் ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், நீளும். துணி ஓரம் பிரியாமல் அடிக்கவும் காஜா (பட்டன் துளை) போடவும் அது வசதி. 21 டிசைனில் நீங்கள் அன்றாடம் தொடப்போவது இந்த மூன்று நான்கைத்தான். அதனால் டிசைன் கணக்கைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் ரிப்பேர் செய்ய ஆள் உண்டா, பாபினும் பாதமும் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்குப் போகும்போது பழைய காட்டன் புடவைத் துண்டு ஒன்றும் ஜீன்ஸ் துண்டு ஒன்றும் கொண்டுபோய், ஜீன்ஸை நாலாக மடித்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஸ்டேப்ளர் மாதிரியான மெஷின் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒற்றை நூலில் சங்கிலித்தையல் போடுவது, முனையை இழுத்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பிளவுஸ் முதல் வேலை வேண்டாம். கைக்குழி வளைவு, டாட் (உடம்போடு பொருந்தப் பிடிக்கும் மடிப்பு), கொக்கிப் பட்டி என்று எல்லாம் ஒரே துணியில் வந்து நிற்கும். பழைய வேட்டியில் தலையணை உறை தையுங்கள், நாலு நேர்கோடுதான். ஒரே நாளில் முடிந்து, அன்று ராத்திரியே அதில் தலை வைத்துப் படுக்கலாம். அந்தச் சந்தோஷம் அடுத்த துணியை எடுக்கவைக்கும். அடுத்து காய்கறி வாங்க மஞ்சப்பை, அதற்கு அடுத்து ஆறு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் உள்பாவாடை. புதுக் காட்டன் துணியாக இருந்தால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப்போகும்.

பாவாடை இரண்டு தைத்து முடித்ததும் பிளவுஸுக்கு வரலாம். உங்களுக்கு அளவாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றை எடுத்துத் தையலைப் பிரித்து, துண்டுகளை விரித்து அதையே அளவாக வைத்து வெட்டுங்கள். பிரிப்பதற்கு முன் எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொள்ளுங்கள்.