டர்க்கி (வான்கோழி) வெந்த தட்டில் சேரும் சாற்றில் வீட்டிலேயே கிரேவி செய்வது எப்படி? கட்டி தட்டாமலும் உப்புக் கரிக்காமலும் வர என்ன செய்ய வேண்டும்?

நாள் முழுக்க ஓவனில் டர்க்கியை வேகவைத்து, தட்டில் வடிந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, பாக்கெட் பொடியை வெந்நீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. பறவையின் ருசியில் பாதி அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு 12 முதல் 14 பவுண்டு டர்க்கி வாங்கியிருக்கிறீர்கள், எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆளுக்கு அரைக் கப் என்றால் நாலு கப் கிரேவி வேண்டும். கனடாவில் இருந்தால் நாள் மட்டும் அக்டோபர் இரண்டாம் திங்கள், செய்முறை இதேதான்.

வேலை காலையிலேயே தொடங்கிவிடும். டர்க்கியின் வயிற்றுக்குள் அல்லது கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை இருக்கும். கழுத்து, இதயம், இரைப்பை, ஈரல் எல்லாம் அதில் இருக்கும். ஈரலை எடுத்துத் தனியே வையுங்கள், அதைச் சேர்த்து வேகவைத்தால் சாறு கசக்கும். மற்றதை ஆறு கப் தண்ணீரில் ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, ஒரு பிரியாணி இலை, பத்து மிளகு போட்டு இரண்டு மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் கலங்கிவிடும். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வடிகட்டினால் நாலு கப்புக்குக் குறையாமல் சாறு கிடைக்கும், இதைத்தான் கீழே ஸ்டாக் என்கிறேன்.

அடுத்தது தட்டு. பெரும்பாலான கிரேவி கெடுவது அடுப்பில் அல்ல, ஓவனுக்குள். டர்க்கிக்குச் சற்றே பெரியதாகத் தட்டு இருந்தால் போதும். ரொம்ப அகலமான தட்டில் சாறு மெல்லிய படலமாகப் பரவி, தண்ணீர் வற்றி, கருகிவிடும். கம்பி ராக்குக்கு அடியில் நறுக்கிய வெங்காயமும் கேரட்டும் செலரியும் பரப்பி இரண்டு கப் தண்ணீர் ஊற்றுங்கள். ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கட்டும். மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, வற்றியிருந்தால் அரைக் கப் தண்ணீர் விடுங்கள். கொள்ளாத அளவுக்கு ஊற்றிவிடாதீர்கள். ஆவி கிளம்பித் தோல் மொறுமொறுப்பாகாது, தட்டின் அடியும் சிவக்காது. அந்தச் சிவந்த ஒட்டல்தான் கிரேவிக்கு நிறமும் மணமும் கொடுப்பது. பழுப்பு வரை நல்லது, கருப்பு கசப்பு. அங்கங்கே கருகியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டாமல், தானாக வடிவதை மட்டும் எடுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் எடுக்கவே வேண்டாம். சர்க்கரை போட்டெல்லாம் அந்தக் கசப்பை மறைக்க முடியாது.

டர்க்கி 165 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆற விடுவீர்கள் அல்லவா, கிரேவி செய்யும் நேரம் அதுதான். தட்டில் உள்ளதை வடிகட்டி, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கொழுப்பு மேலே மிதக்கும், சாறு அடியில் தங்கும். கொழுப்பில் ஆறு மேசைக்கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் வெண்ணெயால் சரிக்கட்டலாம். மீதிக் கொழுப்பைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், உறைந்து குழாயை அடைத்துவிடும். வெறும் தட்டை அடுப்பில் ஏற்றி, எடுத்து வைத்த ஸ்டாக்கில் ஒரு கப் ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அலுமினியத் தட்டு என்றால் அடுப்பில் வைக்காதீர்கள், வளைந்து கொட்டிவிடும். கொதிக்கும் ஸ்டாக்கைத் தட்டில் ஊற்றிச் சுரண்டினாலே போதும். இந்தக் கரைசலையும் குவளையின் அடியில் தங்கிய சாற்றையும் சேர்த்து, குறைவதற்கு ஸ்டாக் ஊற்றி, மொத்தம் நாலு கப் ஆக்கிச் சூடாகவே வைத்திருங்கள்.

இப்போது அடி கனமான பாத்திரத்தில் அந்த ஆறு மேசைக்கரண்டி கொழுப்பு, அதே அளவு மைதா, எடையில் ஏறக்குறைய 50 கிராம். நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை மாவு வாசனை போய், வறுத்த வாசனை வந்து, இளம் பழுப்பானதும் நிறுத்துங்கள். இன்னும் கருக்க வறுத்தால் மணம் கூடும், ஆனால் மாவு கெட்டிப்படுத்தும் சக்தியை இழக்கும். பிறகு சூடான சாற்றில் அரைக் கப் மட்டும் ஊற்றிக் கம்பி விஸ்க்கால் மழமழவென்று அடியுங்கள். அது பசை போலானதும் அடுத்த அரைக் கப், அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டி தட்டுவதற்குக் காரணம், உலர்ந்த மாவு நேராக வெந்நீரில் விழுவது. வெளிப்பக்க மாவு உடனே வெந்து கூடாகி, உள்ளே தண்ணீர் போகாமல் தடுத்துவிடும். கொழுப்பில் முதலில் வறுத்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நிற்கும். கொதி வந்த பிறகுதான் முழுதாகக் கெட்டியாகும், அதற்குள் அவசரப்பட்டு மாவு சேர்க்காதீர்கள். பத்து நிமிடம் சிறு தீயில் விட்டு, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே இறக்குங்கள். ஆற ஆற இறுகும்.

அளவு விஷயத்தில் ஒரு ஆதங்கம். இந்த ஊர்ச் சமையல் குறிப்புகள் எல்லாவற்றையும் கப்பிலேயே சொல்கின்றன. மாவைத் தூவி எடுத்தால் ஒரு கப் 120 கிராம், கப்பை மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150கூட வரும். குறிப்பை எழுத்துப் பிசகாமல் செய்தும் ஒரு தடவை தண்ணீராகவும் மறு தடவை களியாகவும் வருவதற்கு இதுதான் காரணம். பழி மட்டும் சமைத்தவர் மேல் விழுகிறது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். உறைய வைத்து விற்கும் டர்க்கி பலவற்றில் உப்புக் கரைசலை முன்பே ஊசியால் ஏற்றியிருப்பார்கள், லேபிளில் அது எழுதியிருக்கும். கோஷர் (யூத உணவு விதிப்படி தயாரித்த) டர்க்கியும் உப்பிட்டதே. நீங்களும் முதல் நாள் உப்புநீரில் ஊற வைத்திருந்தால் தட்டுச் சாறு கரிக்கும், அதை முழுதும் சேர்க்காமல் உப்பில்லாத ஸ்டாக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். கரித்துப்போன கிரேவியில் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகும் என்பார்கள், ஆகாது. அளவை நீட்டுவது ஒன்றே வழி. சப்பென்றிருந்தால் உப்புக்கு முன் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

நீர்த்துப் போனால் மெத்தென்ற வெண்ணெயும் மைதாவும் ஒரு மேசைக்கரண்டி வீதம் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடித்துக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம், கரண்டியால் வழித்துவிடலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மைதாவுக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி சோள மாவை (கார்ன்ஸ்டார்ச்) குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் சாற்றில் ஊற்றி ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். நேரம் போனால் இளகிவிடும்.

மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் இல்லாமல் இது என்ன கிரேவி என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நம் குழம்பைக் குறைத்துச் சொல்லவில்லை. இது மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவது, பறவையின் ருசி முன்னால் நிற்க வேண்டியது. தைம், சேஜ் இலை, மிளகுத்தூள் போதும்.

டர்க்கியை எண்ணெயில் முழுசாகப் பொரிப்பதாக இருந்தால் தட்டுச் சாறே கிடைக்காது. அதற்கு முதல் நாளே நாலு டர்க்கி இறக்கைகளை 400 டிகிரியில் நன்றாகச் சிவக்கும் வரை வறுத்து, அந்தத் தட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் இதே முறையில் செய்து வைத்துவிடலாம். மிச்ச கிரேவியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது ஜெல்லி போல உறைந்திருக்கும், நல்ல ஸ்டாக் என்றால் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டு, விஸ்க்கால் அடித்து, நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள்.