டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை

கேள்வி: எனக்கு வயது 31. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். போன ஆவணியில் திருமணம் ஆனது. மனைவி இப்போது ஐந்து மாதம். முழு உடல் பரிசோதனைக்காக ரத்தம் கொடுத்ததில், ‘ஹெர்ப்பிஸ் டைப் 1 ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று வந்தது. இதுவரை என் உதட்டில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அன்று முதல் மனைவிக்கு முத்தம் கொடுப்பதில்லை, டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டேன். காரணம் தெரியாமல் அவள் அழுகிறாள். எந்தத் தப்பும் செய்யாத எனக்கு இது எப்படி வந்தது? அவளுக்கும் குழந்தைக்கும் ஒட்டிவிடுமா?

பதில்: உங்கள் கையில் இருக்கும் தாள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஹெர்ப்பிஸ் டைப் 1 என்ற வைரஸ் என்றோ ஒரு நாள் உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறது, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் இதை ஒரு தொகுப்புக்குள் சேர்த்து, முடிவை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தப்பு செய்தவருக்கு வரும் நோய் அன்று இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம், அதாவது ஏறக்குறைய 380 கோடிப் பேரிடம், இந்த டைப் 1 வைரஸ் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இது சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பாட்டிகள் பருப்புசாதத்தைப் பிசைந்து, சூடு ஆறிவிட்டதா என்று தம் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேரன் வாயில் ஊட்டுவார்கள். கன்னத்திலும் வாயிலும் முத்தம் கொடுக்காத அத்தையும் சித்தியும் நம் வீடுகளில் உண்டா? உங்களுக்கும் அப்படி ஒரு நாளில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதன்பின் அந்த வைரஸ் நரம்பின் வழியே ஏறி, முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் போய் உறங்கிவிடும். சிலருக்குக் காய்ச்சல், கத்திரி வெயில், தூக்கமின்மை, மனக்கவலை ஆகியவற்றை ஒட்டி உதட்டோரத்தில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம் கட்டும். பலருக்கு வாழ்நாள் முழுவதும் எதுவுமே வராது.

இதை அக்கி என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தினால் குழம்ப வேண்டாம். இடுப்பிலும் மார்பிலும் பட்டையாக வந்து, குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் அக்கி, சின்னம்மை வைரஸால் வருவது. அது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டு ஆற்றிக்கொள்ளும் வாய்க்குள் வரும் சாதாரணப் புண் இரண்டுமே இல்லை, அது ஒட்டாது.

இனி நீங்கள் அஞ்சும் கேள்விக்கு வருகிறேன். கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் இந்த வைரஸ் சில சமயம் வெளிப்படும், அது எந்த நாள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒட்டவே ஒட்டாது என்று நான் உங்களுக்கு எழுதித் தர முடியாது. ஆனால் கொப்புளம் இருக்கும் நாட்களோடு ஒப்பிட்டால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மேலும் உங்கள் மனைவிக்கும் சிறு வயதிலேயே இது வந்திருக்கலாம். வந்திருந்தால் நீங்கள் அவருக்குப் புதிதாகக் கொடுக்க எதுவும் இல்லை. திருமணமான நாள் முதல் அந்தத் தாள் வரும் வரை நீங்கள் இருவரும் இயல்பாகத்தான் இருந்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். டம்ளரைப் பழையபடி ஒன்றாகவே வையுங்கள். உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் நெடுநேரம் தாங்காது, முதன்மையாக வாயும் தோலும் நேரடியாகப் படுவதால்தான் பரவுகிறது.

என்றாவது உதட்டோரம் சுருக்சுருக்கென்று குத்தி எரிந்தால், அந்த நிமிடத்திலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் முழுவதும் ஆறும் வரை முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம், டம்ளரையும் அப்போது மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், கண்ணுக்கு வந்தால் பார்வையையே பாதிக்கும். முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால் அசைக்ளோவிர் தருவார், புண் சீக்கிரம் ஆறும். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் நிலைமை மோசமாகும்.

குழந்தை விஷயத்தில் கவனம் வேண்டும் என்பது உண்மை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் பிறப்புறுப்பில் இந்தத் தொற்று முதன்முறையாக வருவதுதான் பிரசவத்தின்போது பெரிய ஆபத்து. எனவே அந்த மாதங்களில் வாய்வழி உறவை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். உதட்டில் கொப்புளம் உள்ளவர் நீங்களாக இருந்தாலும், பார்க்க வரும் பெரியம்மாவாக இருந்தாலும், குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. இதை வீட்டில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இவற்றைவிட என்னை வருத்துவது, ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் தன் கணவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அழுதுகொண்டிருப்பது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவர் தாய்வீடு போவதற்கு முன் சொல்லிவிடுங்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். இன்று இரவே சொல்லுங்கள். “ரத்தத்துல இப்படி வந்துச்சு. உனக்கு ஒட்டிக்குமோன்னு பயந்துதான் தள்ளித் தள்ளிப் போனேன், உன் மேல எந்தக் குறையும் இல்ல” என்று சொல்லி, தாளை அவர் கையிலேயே கொடுங்கள். அவருக்கு எப்போதாவது உதட்டில் கொப்புளம் வந்ததுண்டா என்றும் கேளுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவர் முன் இருவரும் சேர்ந்தே உட்காருங்கள்.