டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பிழை: முன்னாள் படைவீரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தரைப்படையின் ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர்களின் பணி ஆவணங்களைப் பராமரிக்கும் அலுவலகம்) ஒன்றில் எழுத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது ஆவடியில் வசிப்பவன் நான். சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்குமுன் ஒரு விளக்கம். பணியிலிருந்து வெளியேறும்போது தரப்பட்டு உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் மூல ஆவணம் அன்று. ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள ஷீட் ரோல் என்ற மூலப் பணிப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதப்பட்ட சுருக்கம். பிழை புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா, ஷீட் ரோலிலேயே இருக்கிறதா என்று அறியாமல் எழுதப்படும் விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு வரிப் பதிலோடு திரும்பி வந்துவிடும்.

கேள்வி (கொளத்தூர், ஓய்வு பெற்ற நாயக்): டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பி.பி.ஓ.விலும் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) என் பெயர் ‘ஆர்முகம் பி’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஆதார் அட்டையில் ‘பி ஆறுமுகம்’ என்று இருக்கிறது. ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளத்தில் அடையாளம் ஒத்துப்போகவில்லை. கெசட்டில் பெயர் மாற்றம் செய்ய வேண்டுமா ஐயா?

பதில்: எனக்கு வரும் கேள்விகளுள் பாதிக்கு மேல் இதுதான். நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். வட இந்திய எழுத்தருக்கோ பெயருக்குப் பின்னால் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் பெயர் முடிந்ததாகத் தோன்றும். ஆள்சேர்ப்பு முகாமில் வரிசையாக நிற்கும் பையன்களிடம் பெயர் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போன மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை ஆறுமுகங்களை ஆர்முகங்கள் ஆக்கினேனோ தெரியாது.

முதலில், உங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, ஷீட் ரோலின் நகலைப் பெறுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. அந்த நகலில் பெயர் சரியாக இருந்தால், நகலெடுத்தவர் செய்த பிழை என்று காட்டி, புத்தகத்தைத் திருத்தவும் பி.பி.ஓ.வுக்குக் கொரிஜெண்டம் (திருத்த ஆணை) வெளியிடப் பரிந்துரைக்கவும் அதே அலுவலகத்தைக் கேட்கலாம்; கெசட் வேண்டியதில்லை. ஷீட் ரோலிலும் ‘ஆர்முகம்’ என்றே இருந்து, அதன்கீழ் உங்கள் கையெழுத்தும் இருந்தால், பள்ளிச் சான்றிதழ், அபிடவிட், நாளிதழ் விளம்பரம், அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சகத் துறை வழியாக அரசிதழ் அறிவிப்பு என்று வேலை நீளும்.

என் யோசனை வேறு. பென்ஷன் தடையின்றி வருவது மட்டுமே உங்கள் தேவை என்றால், படை ஆவணத்தை அசைக்காமல் ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது பல நேரங்களில் எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மாற்றலாம். ஆனால் வீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் ‘ஆறுமுகம்’ என்று இருந்தால், ஒன்றைச் சரிசெய்யப்போய் மூன்றைக் கெடுத்துக்கொள்வீர்கள். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்து, எந்தப் பெயர் அதிகமான இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): சிறிய எழுத்துப் பிழைதானே, நாமே பேனாவால் திருத்திக்கொண்டால் என்ன?

பதில்: கூடவே கூடாது. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த புத்தகத்தில், பழைய மையில் பழுப்பேறியிருந்த வரியின்மேல், நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவால் ஓர் எழுத்து செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் சுருக்கொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. எழுத்து சரியானதுதான். ஆனால் அதைப் பார்த்த அலுவலகம் புத்தகம் முழுவதையுமே சந்தேகித்து, உண்மைத்தன்மை அறிய ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டது. ஒரு எழுத்துக்காக அவர் பல மாதங்கள் காத்திருந்தார்.

கேள்வி (ராயபுரம், காலஞ்சென்ற ஹவில்தாரின் மனைவி): என் கணவரின் ஆவணங்களில் என் பெயர் ‘லெட்சுமி’ என்று இருக்கிறது. என்னுடைய எல்லா அடையாள அட்டைகளிலும் ‘மகாலட்சுமி’. குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் திருமணம் அவர் பணியில் இருந்தபோது நடந்திருந்தால், அவருடைய பிரிவு வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரில் (பணி, குடும்ப விவரங்களைப் பதியும் உத்தரவு) அது பதிவாகியிருக்கும், குழந்தைகளின் பிறப்பும் அப்படியே. அந்தப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனைவியின் பெயர் ஓரிடத்தில் சுருங்கியிருந்தாலும், பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த தேதிகளும் உங்கள் குடும்ப ஆவணங்களோடு பொருந்தினால், லெட்சுமியும் மகாலட்சுமியும் ஒருவரே என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. அதனுடன் ‘இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்’ என்ற அபிடவிட், தாயார் பெயர் உள்ள பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், கணவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். தேனாம்பேட்டையில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்துக்கு நேரே போய்ப் பெயரை மாற்றச் சொல்பவர்கள் பலர். பணி விவரத்தையோ குடும்ப விவரத்தையோ மாற்றும் அதிகாரம் கணக்கு அலுவலகத்துக்கு இல்லை. ரெக்கார்ட் ஆபீஸின் பரிந்துரை வந்த பிறகே பி.பி.ஓ. திருத்தம் நடக்கும்.

கணவர் உயிருடன் இருக்கும் சகோதரிகள் இதைப் படித்தால், இன்று மாலையே பி.பி.ஓ.வை எடுத்து உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அவர் கையொப்பமிட்டால் ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இது.

கேள்வி (அம்பத்தூர்): புத்தகத்தில் பிறந்த ஆண்டு 1958, பள்ளிச் சான்றிதழில் 1960. மாற்ற முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்தபோது ஏற்றுக்கொண்ட பிறந்த தேதியைக் காலம் கடந்து மாற்றக் கேட்பதை, 1993இல் ஹர்னாம் சிங் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் ஊக்குவிப்பதில்லை. ஷீட் ரோலில் 1960 என்றிருந்து புத்தகத்தில் மட்டும் 1958 என்றிருந்தால், அது நகல் பிழை, அதைத் திருத்தலாம்.

கேள்வி (தாம்பரம், முன்னாள் சிப்பாய்): ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் 1996இல் காது கேளாமையால் மெடிக்கல் போர்டு வைத்து அனுப்பினார்கள். ஆனால் புத்தகத்தில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று காரணம் எழுதியிருக்கிறது. இதுவும் எழுத்துப் பிழைதானே?

பதில்: இதை எழுத்துப் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13ஆம் விதியில், சேர்ந்தபோது ஏற்ற நிபந்தனைகளை நிறைவேற்றியதால், மருத்துவத் தகுதி இழந்ததால், சொந்த வேண்டுகோளால் எனக் காரணங்கள் தனித்தனி உட்பிரிவுகளாக இருக்கின்றன. எந்த உட்பிரிவின்கீழ் அனுப்பப்பட்டீர்கள் என்பதைப் பொறுத்தே ஊனமுற்றோர் ஓய்வூதிய உரிமை அமையும். ஆகவே டிஸ்சார்ஜ் உத்தரவின் நகலையும் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகலையும் முதலில் பெறுங்கள். உத்தரவில் மருத்துவக் காரணம் இருந்தால் புத்தகத்தைத் திருத்தக் கேளுங்கள். உத்தரவிலேயே ‘சொந்த விருப்பம்’ என்றிருந்தால், நீங்கள் கேட்பது திருத்தம் அன்று, உத்தரவை மாற்றுவது.

அதற்கு முதலில் உரிய அதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டும். மறுத்தாலோ, ஆறு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். அங்கும் ஆறு மாதக் காலக்கெடு உண்டு. தாமதத்தை விளக்கி மன்னிப்புக் கோர வழியும் உண்டு. பணியில் சேர்ந்தபோது குறிப்பிடப்படாத நோய், பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் துணை. அதேசமயம், 2008இல் தர்செம் சிங் வழக்கின் தீர்ப்புப்படி, இவ்வளவு காலம் கடந்து வரும் ஓய்வூதிய வழக்குகளில் நிலுவைத் தொகை பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அடக்கப்படும். முப்பது ஆண்டு நிலுவை கிடைக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி (ஆவடி): 1988இல் அமைதிப் படையில் இலங்கை சென்றேன். புத்தகத்தில் பதக்கம் எதுவும் ஏறவில்லை.

பதில்: ‘ஸ்ரீலங்கா’ பட்டையுடன் ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் உண்டு. உங்கள் பிரிவும் அங்கே இருந்த தேதிகளும் ஷீட் ரோலில் இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸ் சரிபார்த்துப் பதிவு செய்யும்.

கேள்வி (முடிச்சூர்): 2015 டிசம்பர் வெள்ளத்தில் புத்தகமே போய்விட்டது. எங்கே எழுதுவது?

பதில்: ஆவணம் தொலைந்தது குறித்துக் காவல்துறையில் அறிக்கை பெற்று, அபிடவிட்டுடன் உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் நகல் புத்தகம் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் படை) என்றால் செகந்தராபாத். விண்ணப்பத்தின் முதல் வரியில் ஆர்மி நம்பரை எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் இடத்தில் உங்கள் கோப்பைத் தேடி எடுக்க அந்த எண்தான் உதவும். எண் மறந்துவிட்டால் பழைய பி.பி.ஓ.விலோ இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) ஆவணங்களிலோ இருக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புதிய புத்தகம் வந்ததும், இந்த முறை அதைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல் பரணில் வையுங்கள்.