மலையில் தீ மூட்டுவது: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டன் தம்பி: மழைக்குப் பிறகு விறகு பிடிக்கவே மாட்டேங்குது.

நிலத்தில் கிடப்பதை விடுங்கள். மரத்திலேயே காய்ந்து நிற்கும் சவுக்குக் கிளை மேலே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். பிளந்து நடுவைச் சீவுங்கள். தீக்குச்சிப் பருமனில், விரல் பருமனில், மணிக்கட்டுப் பருமனில் என மூன்று குவியல் பக்கத்தில் இருந்தால்தான் நெருப்புப் பெட்டியைத் தொடலாம். தேயிலைத் தோட்டத்தில் கேட்டு கவ்வாத்து மிலாறு, அதாவது செடியைக் கத்தரித்துப் போட்ட குச்சிகள், வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. தணல் நன்றாக நிற்கும்.

கண்டியிலிருந்து: கொஞ்சம் பெற்றோல் ஊற்றலாமா?

கூடாது. ஆவிதான் முதலில் பற்றும், ஊற்றும் கையைத் தேடி வரும்.

பண்டாரவளைத் தங்கச்சி: ஓகஸ்டில் எல்ல பக்கம், மலை முகட்டில்?

வேண்டாம் தங்கச்சி. அந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எல்ல இருக்கும் ஊவாப் பக்கம் வறண்டு இறங்கும். மலைச்சரிவில் உயரமாக வளரும் மானாப்புல் காய்ந்து கிடக்கும். சரிவில் சுடர் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காய வைப்பதால் தீ ஆளைவிட வேகமாக ஏறும்.

ஹோர்ட்டன் சமவெளியில்?

1988 முதல் அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

நானுஓயா அண்ணன்: தீயை அணைக்க மண் போட்டு மூடினால் போதுமே, தண்ணியை ஏன் வீணாக்கணும்?

அண்ணே, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி, காலையில் ஊதிப் பற்றவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடுவது தணலைக் காப்பாற்றும் வழி. அதையே அணைக்கும் வழி என்கிறீர்களே!

அதே அண்ணன்: சாம்பல் வேறு, மண் வேறு.

சரி, மண் கனம்தான். ஆனால் அதுவும் சூட்டை உள்ளே வைத்திருக்கும், காற்றை முழுதாக அடைக்காது. பைனஸ் காட்டில் நிலமே காய்ந்த ஊசியிலை மெத்தை. அடியில் புகைந்து, நாம் பஸ் ஏறிப் போனபிறகு வேறொரு இடத்தில் கிளம்பும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மெல்லக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. அணைக்கத் தண்ணீர் சுமக்க முடியாத இடத்தில் மூட்டவே கூடாது.

இன்னொருவர்: மழைதான் வருமே?

வராவிட்டால்?

தலவாக்கலையிலிருந்து: ஆற்றுக்கல் வைத்து வட்டம் போடலாமா?

தண்ணீரில் கிடந்த கல் சூட்டில் வெடித்துச் சிதறும். மேட்டில் காய்ந்த கல்லை எடுங்கள்.

நுவரெலியா: குளிர் தாங்கல. கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள்ளே வைத்துத் தூங்கலாமா?

ஒருபோதும் வேண்டாம். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூங்கினவர் எழும்ப மாட்டார். இன்னொரு கம்பளி கொண்டுபோங்கள்.

ஈர விறகு பற்றி மறுபடி மூன்று பேர்: முதல் பதிலைப் படியுங்கள்.

மானாப்புல்லிலிருந்து எத்தனை அடி தள்ளி மூட்டலாம்?

காய்ந்த காலத்தில் எத்தனை அடி தள்ளியும் வேண்டாம்.