முதலில் அந்த வீட்டில் சாப்பிடட்டும்

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மகளின் நெருங்கிய தோழியும் எங்கள் சபைப் பிள்ளைதான், காலனியில் இருக்கிறாள். தன் தம்பியின் பிறந்தநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். "போய் வாழ்த்திவிட்டு வா, சாப்பிட வேண்டாம்" என்று சொல்லி மகளை அனுப்பினோம். நாங்கள் சாதி பார்க்கிறவர்கள் இல்லை. என் மாமியாருக்குத்தான் இதெல்லாம் பிடிக்காது. அன்றிலிருந்து மகள் ஜெப நேரத்தில் வாயே திறப்பதில்லை. வேற்றுமை பாராட்டாமல் எல்லாரையும் நேசிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க, குடும்ப ஜெபத்தில் எந்தெந்த வேதபகுதிகளை வாசிக்கலாம்?
(வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: சகோதரி, "சாதி பார்க்கிறவர்கள் இல்லை" என்பதும் "சாப்பிட வேண்டாம் என்று அனுப்பினோம்" என்பதும் உங்கள் கடிதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. எழுதும்போது உங்களுக்கு அது தட்டுப்படவில்லை. உங்கள் மகளுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. அவள் ஜெபத்தில் வாய் திறக்காததை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். பெற்றவர்களை எதிர்த்துப் பேச முடியாத ஒரு பிள்ளை தன் மறுப்பை வேறு எப்படிக் காட்டும்?

பகுதிகள் கேட்டீர்கள், சொல்கிறேன். கலாத்தியர் 3:28-ஐ இப்போதைக்கு எடுக்க வேண்டாம். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாட வசனப் போட்டிக்காக மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதற்கு முந்தின அதிகாரத்துக்குப் போங்கள். 2:11 முதல் 14 வரை, நான்கே வசனங்கள்.

அந்தியோகியா சபையில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவ்வளவுதான், பேதுரு பந்தியை விட்டு மெல்ல விலகிவிட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். நல்லவன் என்று பெயரெடுத்த பர்னபாவும்கூட "இழுப்புண்டான்" என்கிறது வேதம். இந்தப் பேதுருவுக்கா விஷயம் தெரியாது? எந்த மனுஷனையும் தீட்டென்று தள்ளக்கூடாது என்று யோப்பாவில் மாடியில் கண்ட தரிசனத்தால் கற்றவர் அவர்தான். செசரியாவில் புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டு வாசற்படி ஏறி, "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று பேசியவரும் அவர்தான். தெரிந்தும் விலகினார். காரணத்தையும் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார்: வந்தவர்களுக்குப் பயந்துதான். பேதுருவுக்கு அந்தப் புறஜாதியார்மேல் வெறுப்பு இருந்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. உங்களுக்கும் அந்தப் பிள்ளைமேல் வெறுப்பில்லை என்று நம்புகிறேன். மாமியாருக்குப் பயந்தீர்கள். பவுல் அதைச் சில்லறை விஷயமாக விடவில்லை. எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய் எதிர்த்தார்.

இந்தப் பகுதியை உங்கள் மகளே வாசிக்கட்டும். வாசித்ததும் விளக்கம் கொடுக்காதீர்கள். "பேதுரு எழுந்து போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் காத்திருங்கள். பிள்ளைகள் வாய் திறக்குமுன் நாமே பாடத்தைச் சொல்லி ஆமென் போட்டுவிடுவது நம் குடும்ப ஜெபங்களில் பழகிப்போன ஒன்று.

பந்தி நமக்கும் பழைய பிரச்சினைதான். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது, திருவிருந்திலும் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சபையை விட்டுவிடலாம், பக்கத்தில் உட்காரமாட்டோம் என்று முடிவெடுத்த விசுவாசிகள்! திருச்சியில் ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபையின் பெயரை ஒட்டியே சாதியின் பெயரும் நிற்கிறது. இத்தனைக்கும் உங்கள் பகுதிச் சபைகளில் அசனம் என்ற பொதுவிருந்து நடக்கிறது. ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது, நீங்களும் அந்தத் தோழியின் வீட்டாரும் சேர்ந்தே சாப்பிட்டிருப்பீர்கள். கோயில் வளாகத்தில் சரியாக இருப்பது அவர்கள் வீட்டில் மட்டும் ஏன் சரியில்லை என்று மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வேறு பகுதிகளும் உண்டு. அப்போஸ்தலர் 6-இல், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது சாப்பாடு பங்கிடுவதில், விடுபட்டுப்போகிறார்கள். அப்போஸ்தலர்கள் குறை சொன்னவர்களை அடக்கவில்லை. ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. எண்ணாகமம் 12-இல், மோசேயின் எத்தியோப்பிய மனைவியைக் காரணம் காட்டிப் பேசின மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருக்கிறாள். அது நம் குடும்பங்களில் மருமகளைப் பற்றி நடக்கிற பேச்சுதான், பெரியவர்களும் உடனிருந்து கேட்கட்டும். 7 வயது மகனுக்கு, சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்தின் கதை பிடிக்கும். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து முடமானவன், தாவீதின் பந்தியில் ராஜகுமாரர்களைப்போல நித்தமும் சாப்பிட்டான். நல்ல சமாரியன் கதையைச் சொல்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவுகிற இடத்திலேயே நம் பிள்ளைகளை எப்போதும் நிறுத்துகிறோம். யூதர்களால் தாழ்வாக எண்ணப்பட்ட சமாரியன் கையால் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கப்பட்டவனின் இடத்திலும் ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்.

ஜெபத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். "ஆண்டவரே, காலனி ஜனங்களைச் சந்தியும்" என்று பிள்ளைகள் கேட்க ஜெபிக்கும்போது, நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள் என்றுதான் அவர்கள் மனதில் பதிகிறது. தோழியின் பெயரைச் சொல்லி, அவள் பரீட்சைக்காக, அவள் தம்பியின் காய்ச்சலுக்காக ஜெபியுங்கள்; உங்கள் அக்கா பிள்ளைகளுக்கு ஜெபிப்பது மாதிரி.

இதெல்லாம் அப்புறம். அதற்கு முன்னால், அன்று சொல்லி அனுப்பியது தப்பு என்று மகளிடம் நீங்களும் உங்கள் கணவரும் சொல்ல வேண்டும். மாமியாரைக் காரணம் காட்டாமல் சொல்ல வேண்டும். அவர்கள் வயதையும் மரியாதையையும் காப்பாற்றுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவர்தான். வீட்டில் சில நாள் முகம் கோணும். கோணட்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோழியின் அம்மாவிடம் நீங்களே போங்கள், மகளை அனுப்ப வேண்டாம். பிள்ளை அன்று சாப்பிடாமல் வந்தது எங்களால்தான், எங்களை மன்னியுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் உடனே சிரித்துப் பேசாமல் போகலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. மறுபடி எப்போது கூப்பிடுகிறார்களோ, அப்போது குடும்பமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.