தமிழுக்கு வேண்டிய ஐந்து விசைகள்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் பழைய தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்லும் மலாயா அவசரகால நினைவுகளையும் ரப்பர் எனும் பால்மரக் காட்டு அனுபவங்களையும் குறிப்பெடுத்து வருகிறேன். ஒன்பது நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கணினியில் ஏற்ற நேரமே வாய்க்கவில்லை. கைப்பேசியில் எழுதினால், நான் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மடிக்கணினியை விரித்தால் அது எங்களுக்கு இடையில் ஒரு தடுப்பாகிவிடுகிறது.

ஆகவே கைப்பையில் அடங்கக்கூடிய, விசைப்பலகையுடன் கூடிய சிறு கருவி ஒன்றை வாங்க நினைக்கிறேன். யாரை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை, பெயர்கள், தொலைபேசி எண்கள், குறிப்புகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். சயான் 5எம்எக்ஸ், ஜெமினி ஆகிய இரண்டும் பழைய பொருள்களாக இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ளன. விண்டோஸ் இயங்கும் மிகச் சிறிய மடிக்கணினியே நல்லது என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர். நான் தமிழ்99 முறையில் தட்டெழுதுகிறேன். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்திய வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசையமைப்பில் உயிரெழுத்துகள் பன்னிரண்டு, மெய் வரிசை பதினெட்டு, புள்ளி ஒன்று என மொத்தம் 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கான விசைகளோ 26 மட்டுமே. மீதி ஐந்தும் நிறுத்தக்குறிகள் இருக்கும் விசைகளில் அமர்ந்திருக்கின்றன: அரைப்புள்ளி விசையில் ந, ஒற்றை மேற்கோள் விசையில் ய, சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டில் ச, ஞ, சாய்கோட்டு விசையில் ழ. வீட்டிலுள்ள பெரிய விசைப்பலகையில் வலக்கைச் சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இவை இருப்பதால் இப்படியொரு செய்தி இருப்பதையே நாம் உணர்வதில்லை. கையடக்கக் கருவியைச் செய்கிறவர் இடத்தை மிச்சப்படுத்த முனையும்போது முதலில் கை வைப்பது இந்த நிறுத்தக்குறி விசைகளில்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அரைப்புள்ளி எப்போதாவது தேவைப்படுவது. ஆகவே அதை ஃபங்ஷன் விசையோடு சேர்த்து அழுத்தும் இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. நமக்கோ ‘நான்’ என்று தொடங்குவதற்கே இரண்டு விசைகள் தேவைப்படும். ‘செய்தி’ என்ற சொல்லில் அந்தத் தொல்லை இரண்டு முறை வரும். ஒரு பெரியவர் தடையின்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அரை நொடித் தடங்கல்கள் சேர்ந்து, அவருடைய வாக்கியத்தின் பாதியை விழுங்கிவிடும்.

எனவே எந்தக் கருவியானாலும் வாங்குவதற்கு முன் அதன் விசைப்பலகையை நேர்மேலிருந்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த ஐந்து விசைகளும் தனித்தனியாக, வலக்கைப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனைச் சொல் ‘நெடுஞ்செழியன்’. ந, ஞ, ச, ழ, ய ஆகிய ஐந்தும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே அப்படியொரு பையன் இருக்கக்கூடும். அந்தப் பெயரை ஃபங்ஷன் விசையைத் தொடாமல் அடிக்க முடிகிற கருவி, தமிழ்99-க்கு ஏற்ற கருவி.

அஞ்சல் முறையில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகப் பரவிய அந்த ஒலியியல் முறை, ஆங்கில எழுத்து விசைகளையும் ஷிஃப்ட் விசையையும் கொண்டே தமிழ் முழுவதையும் எழுதிவிடுகிறது. ஆனாலும் ஒரு கருவிக்காக நீங்கள் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுகளாக விரல்களில் ஊறிய பழக்கத்தைக் கருவிக்காக மாற்றிக்கொள்வது, செருப்புக்காகக் காலைச் செதுக்குவது போன்றது.

இனி நீங்கள் குறிப்பிட்ட கருவிகளுக்கு வருகிறேன். சயான் 5எம்எக்ஸ் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1997-இல் வந்த சீரிஸ் 5-இன் தொடர்ச்சியாக 1999-இல் வெளிவந்த கருவி அது. மூடியைத் திறக்கும்போது விசைப்பலகை முன்னால் சறுக்கி வந்து நிற்கும். திரை அதன் பின்புறத்தில் சாய்ந்துகொள்ளும். அதனால் திரையைத் தொட்டாலும் கருவி பின்பக்கம் கவிழாது. அந்தக் கீலை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜெமினியின் கீலையும் வடிவமைத்தார். மளிகைக் கடையில் கிடைக்கும் இரண்டு டபுள்-ஏ மின்கலங்களே 5எம்எக்ஸுக்குப் போதும். நாட்குறிப்பு, முகவரி, எழுத்து, கணக்கு ஆகிய நான்குக்கும் உரிய செயலிகள் கருவிக்குள்ளேயே இருக்கும். திறந்த நொடியில் விட்ட இடத்திலிருந்து எழுதலாம். நாட்குறிப்புக் கருவி என்ற வகையில் அதற்கு இணையானது பின்னர் வரவில்லை என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம். ஓர் எழுத்துக்கு எட்டு பிட் மட்டுமே ஒதுக்கிய காலத்து மென்பொருள் அதில் இயங்குகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும், இந்தக் கருவிக்கு யுனிகோடு தெரியாது. ஆகவே நம் எழுத்து அதில் வராது. சயான் நிறுவனமும் 2001-இல் கையடக்கக் கணினித் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டது. திரையையும் உடலையும் இணைக்கும் மெல்லிய பட்டைக் கம்பி, திறந்து மூடித் திறந்து மூடி நாளடைவில் கிழிந்துபோவது அந்த வகைக் கருவியில் பலரும் அறிந்த குறை. கால் நூற்றாண்டு பழைய பொருளில் அதை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

அந்தக் காலத்துக் கருவிகளைப் பற்றி என் அனுபவம் ஒன்று உண்டு. வேறொரு நிறுவனத்தின் கையடக்கக் கருவியை நான் சில ஆண்டுகள் வைத்திருந்தேன். அதிலும் தமிழ் கிடையாது. கேட்டதை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டு, இரவில் வீட்டுக் கணினியில் மறுபடியும் தமிழாக அடிப்பேன். பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவர், தம் தாயாரோடு கப்பலில் வந்தவர்களின் பெயர்களை ஒரு நாள் வரிசையாகச் சொன்னார். நானும் அடித்துக்கொண்டேன். அந்த வாரம் இரவில் உட்கார நேரம் கிடைக்கவில்லை. முதன்மை மின்கலங்கள் தீர்ந்துபோயின. அவற்றுக்குத் துணையாக உள்ளே இருக்கும் காசு வடிவச் சிறு மின்கலத்தை நான் மாற்றியே இருக்கவில்லை. மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகிவிடும் அமைப்பு அது. மீண்டும் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். ஆனால் இரண்டாம் முறை சொன்ன வரிசையில் இரண்டு பெயர்கள் குறைந்திருந்தன. எவை என்று எனக்கும் நினைவில்லை, அவருக்கும் நினைவில்லை. இன்றைய கருவிகளில் மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. ஆனால் கருவியே தொலையலாம், மழையில் நனையலாம். எதை வாங்கினாலும் அன்றன்று எழுதியதை அன்றிரவே உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

ஜெமினி இந்தக் காலத்துக் கருவி. இலண்டனைச் சேர்ந்த பிளானட் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 2017-இல் இணையவழி நிதி திரட்டி, 2018-இல் வாங்கியவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ ஆறு அங்குலத் திரையும் ஆண்ட்ராய்டும் உண்டு. அகலம் 5எம்எக்ஸைப் போலவே சுமார் 17 செ.மீ. திரையில் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் இங்கே ஒரு கவனம் தேவை. ஆண்ட்ராய்டில் திரையில் தோன்றும் விசைப்பலகை தமிழைத் தருகிறது என்பதாலேயே, கருவியில் பதித்திருக்கும் விசைகளும் தமிழைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு. பல தமிழ் உள்ளீட்டுச் செயலிகள் தொடுதிரைக்காகவே எழுதப்பட்டவை. விற்பவர் உள்நாட்டவராக இருந்தால், பதித்த விசைகளைக் கொண்டு ‘நெடுஞ்செழியன்’ என்று அடித்துக் காட்டும் காணொளி ஒன்றைக் கேளுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால், எந்தச் செயலியை நிறுவி எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்பதை நீங்களே எழுதி அனுப்புங்கள். அந்தச் சிறு உதவியைச் செய்ய மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். அதோடு, அதிலுள்ள ஆண்ட்ராய்டு பழைய பதிப்பு என்பதால் வங்கிச் செயலிகளை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மின்கலத்துக்கும் வயதாகியிருக்கும். ஒரு முழுப் பிற்பகல் தாங்குகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் சக ஆசிரியர் சொன்னதுதான் உங்கள் வேலைக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. ஏழு, எட்டு அங்குலத் திரையுடன் விண்டோஸ் இயங்கும் மடிக்கணினிகளை ஜிபிடி (GPD) போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விண்டோஸில் தமிழ்99 விசையமைப்பு உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுத்தால் போதும், பதித்த விசைகள் அப்படியே தமிழ் பேசும். ஏதேனும் ஓர் எழுத்து கைக்கு எட்டாத மூலையில் இருந்தால், அதை வேறு விசைக்கு மாற்றி அமைத்துக்கொள்ளவும் வழி உண்டு. நாட்குறிப்புக் கருவி என்ற அளவில் அது சயானுக்கு ஈடாகாது. விழித்தெழக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். சந்திப்பு அட்டவணையையும் தொலைபேசி எண்களையும் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, இதை எழுதுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்ற எண்ணத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ் எழுதும் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் கருவிகளிலும் விசை அடுக்கு வகைக்கு வகை மாறுவதால், ஐந்து விசைச் சோதனையை இங்கும் தவறாமல் செய்யுங்கள். கட்டைவிரல்களால் மட்டும் அடிக்கும்படி செய்த மிகச் சிறிய வகைகளை ஒதுக்கிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ இத்தகைய கருவியைக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்குவது கடினம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். 17 செ.மீ. அகலக் கருவியில் ஒரு வரிசைக்குப் பதினொரு, பன்னிரண்டு விசைகளை அடுக்கும்போது அது சுமார் 15 மி.மீ.தான் தேறும். விற்பவர் அனுப்பும் படத்தை, அந்தக் கருவியின் உண்மையான அகலத்துக்குச் சரியாக அச்சிட்டு, ஓர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துப் பத்து விரல்களையும் அதன்மேல் பரப்பி, உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்து அடிப்பதுபோல் தட்டிப் பாருங்கள். பிறகு அதே அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தட்டுங்கள், ஏனெனில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் உங்களுக்கு மேசை கிடைக்கப்போவதில்லை. இரண்டு விரல்கள் ஒரே விசையில் விழுகின்றனவா, சுண்டுவிரல் ய-வைத் தேடுகிறதா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். நானும் இப்போதைய கருவியை வாங்குவதற்கு முன் இப்படித்தான் செய்தேன். முதலில் விரும்பிய ஒன்றை அந்த அட்டையைப் பார்த்த பிறகே கைவிட்டேன்.

சிறு செய்தி ஒன்று: நண்பகலில் கருவியைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காரின் சூடு லித்தியம் மின்கலத்தைக் கெடுத்துவிடும்.

இரண்டு, மூன்று கருவிகளின் படங்கள் கிடைத்ததும் எனக்கும் அனுப்புங்கள். அந்த ஐந்து விசைகள் எங்கே இருக்கின்றன என்று நானும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணம் கட்ட வேண்டாம். பத்தாவது நோட்டுப் புத்தகத்தை மட்டும் வாங்கி வையுங்கள்.

அன்புடன்.